பால்சுறா

கரிமேட்டு மீன் மார்க்கெட்டில்
விடியக்காலை ஐந்தே காலுக்கு
ஒரு ஆம்பிளை தனியாக வந்து
பால்சுறா இருக்கா என்று கேட்டால்
கத்தி தீட்டிக்கொண்டிருக்கிற அந்த அம்மாள்
விலை சொல்வதில்லை.
"எத்தனை நாள் பிள்ளை?" என்கிறாள்.

பத்தொன்பது, என்றேன்.
ஆணா பொண்ணா என்று கேட்கவில்லை.
"ஆத்தாக்காரி நல்லாச் சாப்பிடுறாளா?"
எனக்குப் பதில் வரவில்லை.
ஐஸ் கரைந்த தண்ணீர்
செருப்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும்
தொட்டில் சேலையை விலக்கி
மூக்கு யார் மாதிரி என்று பேசிவிட்டு
கிளம்பும்போது வாசலில் திரும்பி
"பால் பத்துதாம்மா?" என்றார்கள்.
சோறு பத்துதா என்று
ஒரு நாக்கும் புரளவில்லை.
என் நாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முந்தாநாள் ராத்திரி லோடு வரவில்லை.
ஒட்டன்சத்திரத்து லாரி
வாடிப்பட்டியில் பஞ்சராகி நின்றுவிட்டது.
ரெண்டு மணிக்கே வீடு திரும்பினேன்.
அடுப்படியில் லைட்டுப் போடாமல்
ராசகனி நின்றுகொண்டிருந்தாள்,
குண்டானை வயிற்றோடு அணைத்து
அடியில் ஒட்டிய சோற்றைச்
சுரண்டிச் சுரண்டி.
என்னைப் பார்த்ததும்
திருடி மாட்டிக்கொண்டவள்போல
கையைப் பின்னால் கட்டினாள்.
"பத்து மணிக்குத்தான் தின்னேன்.
மறுபடி பசிக்குது.
எனக்கே வெக்கமா இருக்கு."

மாட்டுத்தாவணியில் நாற்பது மூட்டை இறக்கினால்
மண்டிக்காரர் ஒன்றும் கேட்பதில்லை.
நாலு புரோட்டாவும் சால்னாவும்
தானாக வந்து நிற்கும்.
அது கூலியில் சேராது.
மூட்டை தூக்குகிறவன் தின்பான்,
அவ்வளவுதான்.
அவன் வெட்கப்பட்டு
நான் பார்த்ததில்லை.

பால் இறங்குது என்கிறோம்.
இறங்குது என்றால்
இறக்குகிறவள் ஒருத்தி இருக்கிறாள்தானே.
பகலில் ஆறேழு நடை,
ராத்திரியில் நாலு.

கணக்குக்கு
ரவிக்கையில் ஒரு ஊக்கு வைத்திருக்கிறாள்.
இடப்பக்கம் குடித்து முடித்தால்
வலப்பக்கம் மாற்றிக் குத்துவாள்,
அடுத்தது எந்தப் பக்கம் என்று
தூக்கக் கலக்கத்தில் தடவிப் பார்க்க.
மூட்டைக்கு ஒரு கோடு போடுகிற
எங்கள் மேஸ்திரியின் நோட்டைப்போலத்தான்.
சனிக்கிழமை கூட்டிப் பார்த்துக்
காசு கொடுக்கத்தான் ஆளில்லை.

தண்ணி ரொம்பக் குடிக்காதே,
பிள்ளைக்குச் சளி கட்டும் என்று
யாரோ சொன்னதைக் கேட்டு
நாக்கு வறண்டு கிடந்தாள் முதல் வாரம்.
செல்லூர் கார்ப்பரேசன் ஆஸ்பத்திரி நர்ஸ்
அவளைத் திட்டவில்லை, என்னைத் திட்டினாள்.
அதிலிருந்து பாயோரம்
செம்பு நிறைத்து வைப்பது என் வேலை.
பாதி நாள் மறந்துவிடுவேன்.

"இதத் தின்னாப் பால் ஊறுதோ இல்லியோ,"
அந்த அம்மாள் துண்டு போட்டபடி சொன்னாள்,
"ஆத்தாளுக்கு வயிறு நெறையும்.
தெனமும் என்கிட்ட வராதே, காசு கட்டாது.
கீரை, முட்டை, பருப்பு, எதாச்சும்.
நெறைய. அதான் முக்கியம்."
முந்நூறு வாங்கிக்கொண்டு
வால்துண்டு ஒன்றைச் சும்மா போட்டாள்.

வேகவைத்தேன். தோல் உரித்தேன்.
உதிர்க்கும்போது விரல் சுட்டது.
ஒரு கைப்பிடிப் பூண்டு
உரிப்பதற்குள் ஏழு மணி.
மஞ்சள் கூடிப்போச்சு,
அடியும் கொஞ்சம் பிடித்துவிட்டது.

ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் புட்டு.
குனிந்த தலை நிமிராமல் தின்றாள்.
உப்புச் சரியா என்றேன்.
தலையாட்டினாள்,
சரி என்றா இல்லை என்றா தெரியவில்லை.
தட்டு காலியானதும்
"இன்னும் இருக்கா?" என்றாள்.
கை பின்னால் போகவில்லை.
சட்டியோடு கொண்டுவந்து வைத்தேன்.

உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
பிள்ளை மறுபடி முனகியது.
கண் திறக்காமல் கேட்டாள்,
"எந்தப் பக்கம்?"

வலப்பக்கம், என்றேன்.
ஊக்கைப் பார்த்துத்தான் சொன்னேன்.